விபத்துக்குப் பிறகு போலீஸ் எப்போது சம்மன் கொடுக்கலாம்? கோலாலம்பூரில் புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு

கோலாலம்பூருக்குப் புதிதாக வந்து கார் ஓட்டத் தொடங்கும் நம்மவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றிக் கிடக்கின்றன. விபத்து நடந்த இடத்தில் போலீஸ் இல்லையென்றால் சம்மன், அதாவது போக்குவரத்துக் குற்ற நோட்டீஸ், வராது என்பது ஒன்று. நாமாகப் போய் ரிப்போர்ட் செய்தால்தான் வம்பு வரும் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இவற்றை நம்பிச் சாலையோரத்திலேயே பேசி முடித்துவிட்டு, அடுத்த வாரம் எதிர்த்தரப்பு தன் கதையை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதிவைத்திருப்பதைக் கண்டு திகைத்து நிற்பவர்கள் நிறைய பேர். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

மலேசியாவில் சம்மன் கொடுப்பதற்கு போலீஸ்காரர் விபத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரு தரப்பின் ரிப்போர்ட், வண்டிகளில் விழுந்த அடி, சாலையின் வரைபடம், படங்கள், சாட்சிகள் ஆகியவற்றைப் பார்த்து விசாரணை அதிகாரி ஒரு முடிவுக்கு வருகிறார். யார்மேல் தவறு என்று படுகிறதோ அவர் பேரில் சம்மன் எழுதப்படுகிறது. அது சம்பவ இடத்திலேயே நடக்கலாம், அன்றைக்கே நிலையத்தில் நடக்கலாம், பல நாள் கழித்தும் நடக்கலாம். ஆகவே சாலையில் யார் சத்தமாகப் பேசினார் என்பதைவிட, அடுத்த 24 மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

நில்லுங்கள், படம் எடுங்கள்

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை ஒவ்வோர் ஓட்டுநரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உங்கள் வண்டி சம்பந்தப்பட்ட விபத்தில் ஒருவருக்குக் காயமோ, இன்னொரு வண்டிக்கோ சுவருக்கோ விளக்குக் கம்பத்துக்கோ சேதமோ ஏற்பட்டால் நீங்கள் வண்டியை நிறுத்த வேண்டும். கேட்பவரிடம் உங்கள் பெயர், முகவரி, வண்டி விவரங்களைக் கொடுக்க வேண்டும். கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டும். தவறு யாருடையது என்பதை அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. உங்கள்மேல் துளியும் தவறில்லாத விபத்தில்கூட, நிற்காமல் போனாலோ ரிப்போர்ட் செய்யாமல் விட்டாலோ அது தனிக் குற்றமாகிறது. விபத்தை எதிர்த்தரப்பு ஏற்படுத்தியிருக்க, சம்மன் உங்களுக்கு வருவது இப்படித்தான்.

வண்டிகளை நகர்த்தலாமா என்று எல்லோருக்கும் குழப்பம். போலீஸ் அனுமதியில்லாமல் வண்டியை நகர்த்துவதோ ஆதாரத்தைக் கலைப்பதோ கூடாது என்பது பொது விதி. உள்ளே சிக்கியவரை வெளியே எடுக்கவும், தீப்பிடிக்காமல் தடுக்கவும், சாலையில் மற்றவர்களுக்கு இடைஞ்சலோ ஆபத்தோ வராமல் பார்த்துக்கொள்ளவும் நகர்த்தலாம் என்று சட்டமே விலக்கு தருகிறது. யாருக்கும் பெரிய காயமில்லாமல், ஃபெடரல் நெடுஞ்சாலை நடுவில் இரண்டு கார்கள் உரசி நிற்கின்றன என்றால், வேகமாகப் படம் எடுத்துவிட்டு ஓரங்கட்டுவதுதான் சரி. உயிர்ச்சேதமோ பலத்த காயமோ இருந்தால் 999-ஐ அழையுங்கள். காயம்பட்டவருக்கு உதவுவதற்குத் தவிர வேறு எதற்காகவும் வண்டியைத் தொடாதீர்கள்.

படம் எடுப்பதில் பலர் அவசரப்பட்டு ஒரு தவறு செய்கிறார்கள். பம்பர் உடைந்த இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பத்துப் படம் எடுக்கிறார்கள், வண்டி சாலையில் எங்கே நின்றது என்பதைக் காட்ட ஒரு படமும் எடுப்பதில்லை. உடைந்த பம்பர் எங்கும் போய்விடாது, நிலையத்தில் அதை எப்படியும் படம் எடுப்பார்கள். நகர்த்திய நிமிடத்தில் காணாமல் போவது வண்டி நின்ற இடம்தான். முதலில் தூரத்திலிருந்து நான்கு பக்கமும் எடுங்கள். சாலையின் தடக் கோடும் உங்கள் சக்கரமும் ஒரே படத்தில் வர வேண்டும். தடம் மாறும்போது நடந்த விபத்துகளில் யார் எந்தத் தடத்தில் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எதிர்த்தரப்பு வண்டியின் முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண்ணாடித் துண்டுகள் எங்கே சிதறியிருக்கின்றன, பிரேக் பிடித்த தடம், சமிக்ஞை விளக்கு, அங்கிருக்கும் அறிவிப்புப் பலகை என எல்லாவற்றையும் எடுங்கள். மழையென்றால் ஈரச் சாலையையும் சேர்த்து எடுங்கள்.

டேஷ்கேம் இருந்தால் அன்றைக்கே அந்தக் காணொளியை வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். பல கருவிகள் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே போய்ப் பணிவாகக் கேளுங்கள். சாலையில் மாநகர் மன்றத்தின் கேமரா இருக்குமே, அது பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

எதிர்த்தரப்பிடம் பெயர், அடையாள அட்டை எண், ஓட்டுநர் உரிமம், வண்டி எண், தொலைபேசி எண், காப்புறுதி நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை வாங்குங்கள், உங்களுடையதையும் கொடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறு என்னுடையதுதான் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பாதீர்கள். காப்புறுதி நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக்கூடாது என்று மோட்டார் பாலிசிகளில் பொதுவாகவே எழுதியிருக்கும். அடிபட்டவரிடம் நலம் விசாரிப்பதும் தண்ணீர் வாங்கிக் கொடுப்பதும் மனிதத்தன்மை. அவற்றை யாரும் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், நீங்கள் அழைக்காமலேயே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரர்கள். ‘ஐசியை (அடையாள அட்டையை) கொடுங்கள், ரிப்போர்ட் முதல் கிளெய்ம் வரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண் பாலிசியிலேயே இருக்கும். அதை இன்றைக்கே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். நெடுஞ்சாலையில் ரோந்து வரும் நிறுவன ஊழியர்கள் உதவி செய்வார்கள், போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். சம்மன் எழுதும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அந்த அதிகாரம் போலீசுக்கும் ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும் உண்டு. விபத்து விசாரணை போலீசின் வேலை.

சம்பவ இடத்துக்குச் சீருடையில் வந்த போலீஸ் அதிகாரி மூச்சுச் சோதனைக்கு ஊதச் சொன்னால் ஊத வேண்டும். காரணமின்றி மறுப்பது தனிக் குற்றம். 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சில் 22 மைக்ரோகிராம், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம். முன்பு மூச்சுக்கு 35, ரத்தத்துக்கு 80 என்று இருந்தது. பழைய கணக்கை மனத்தில் வைத்து ‘ஒரு பீர்தானே’ என்று எண்ணுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட்

கோலாலம்பூரில் போக்குவரத்து விசாரணைக்குப் பேர் போன இடம் ஜாலான் துன் எச்.எஸ். லீ போக்குவரத்து போலீஸ் நிலையம். நம் மகா மாரியம்மன் கோயில் இருக்கும் அதே சாலை. மூத்தவர்கள் ஜாலான் பண்டார் நிலையம் என்றும் சொல்வார்கள். இரவு நேரமாகிவிட்டதென்றோ தூரமென்றோ தள்ளிப்போடாமல் அருகிலிருக்கும் நிலையத்துக்குப் போய்விடுங்கள். வழக்கு எந்தப் பகுதியைச் சேர்ந்ததோ அங்கே அனுப்பிவைப்பார்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டியதும் சிலாங்கூர் போலீசின் எல்லை வந்துவிடுகிறது. அதனால் விபத்து வளைவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அடையாள அட்டை அல்லது கடப்பிதழ், ஓட்டுநர் உரிமம், வண்டியின் பதிவு விவரம், காப்புறுதி விவரம், படங்கள் ஆகியவற்றோடு போங்கள். ஓடும் நிலையிலிருந்தால் வண்டியையும் கொண்டு போங்கள், படம் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். சம்மன் யாருக்கு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நீங்கள் கொடுக்கும் அந்த ஒரு பத்தி ரிப்போர்ட். அது மலாயில் பதிவாகும். கவுண்டரில் இருப்பவர் நீங்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வார். விபத்தின் பதற்றம் ஒரு பக்கம், மலாய் சரளமில்லாத தயக்கம் இன்னொரு பக்கம். அந்த நிலையில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டால், இடித்தது யார், இடிபட்டது யார் என்பதே தலைகீழாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. பிறகு வேறொரு ரிப்போர்ட் கொடுத்துத் திருத்தலாம்தான். ஆனால் முதலில் ஒன்று சொன்னார், அப்புறம் வேறு சொல்கிறார் என்ற சந்தேகம் விசாரணை அதிகாரிக்கு வருவது இயல்பு.

ஆகவே கவுண்டருக்குப் போவதற்கு முன் வெளியே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேதி, நேரம், சாலையின் பெயர், எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள், எந்தத் தடம், சமிக்ஞை விளக்கின் நிறம், ஏறக்குறைய என்ன வேகம், எதிர் வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தது, உங்கள் வண்டியின் எந்தப் பாகத்தில் பட்டது, யாருக்கு என்ன காயம், உங்கள் வண்டிக்கு என்ன சேதம். இவ்வளவு போதும். மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் சிவப்பு விளக்குக்காக நிற்கிறீர்கள், பின்னால் வந்த கார் இடிக்கிறது. ‘விளக்கில் நின்றேன், கார் இடித்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால், திடீரென்று பிரேக் பிடித்தீர்களா, பின்னால் நகர்ந்தீர்களா என்ற கேள்விகளுக்கு இடம் இருக்கிறது. ‘இடது தடத்தில் சிவப்பு விளக்குக்காக முழுமையாக நின்றிருந்தேன். சில வினாடிகள் கழித்து, பின்னால் அதே தடத்தில் வந்த கார் என் வண்டியின் பின் பம்பரில் மோதியது. மோதிய வேகத்தில் என் கார் முன்னே தள்ளப்பட்டது’ என்று சொன்னால் படம் தெளிவாகிவிடும். பார்த்ததையும் செய்ததையும் மட்டும் சொல்லுங்கள். அவர் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் சொல்லுங்கள், ஊகமென்றால் விட்டுவிடுங்கள்.

தட்டச்சு முடிந்ததும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தடத்தைக் குறிக்கும் ‘லோரோங்’, சந்திப்பைக் குறிக்கும் ‘சிம்பாங்’, இடம் வலத்தைக் குறிக்கும் ‘கிரி’, ‘கானான்’ ஆகிய நான்கும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். வண்டி எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பிழையிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஒரு நகலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பரின் காரை ஓட்டியபோது விபத்து நடந்தால், ஓட்டியவர்தான் ரிப்போர்ட் செய்ய வேண்டும். உரிமம் காலாவதியாகிவிட்டது என்பதற்காக ‘நான் ஓட்டினேன்’ என்று இன்னொருவரைச் சொல்ல வைக்கும் யோசனை யாராவது கொடுப்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டம் 182-ஆவது பிரிவின்கீழ் சிறைத்தண்டனை வரை போகும் குற்றம். சாதாரண சம்மனாக முடிய வேண்டியது இரண்டு பேருக்கும் குற்றவியல் வழக்காகிவிடும். யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால், ஏழு நாளுக்குள் அந்த விவரத்தைக் கொடுக்கும் கடமை வண்டியின் உரிமையாளருக்கு உண்டு. அது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு.

விசாரணை அதிகாரியின் முன்னால்

நிலையத்தில் எல்லோரும் ஐ.ஓ. என்று சொல்வது இவரைத்தான். இரு தரப்பின் ரிப்போர்ட்டும் இவரிடம் வரும். வண்டிகளைப் பார்ப்பார், படம் எடுக்கச் சொல்வார், தேவைப்பட்டால் இடத்துக்குப் போய் அளந்து வரைபடம் போடுவார். பிறகு உங்களிடம் வாக்குமூலம் வாங்குவார்.

வாக்குமூலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்கீழ் வாங்கப்படுகிறது. உண்மையைச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. அதே சமயம், பதில் சொன்னால் உங்கள்மேலேயே குற்றச்சாட்டு வரக்கூடிய கேள்விக்குப் பதிலளிக்க மறுக்கும் உரிமையையும் அந்தப் பிரிவே தருகிறது. இன்னொன்று நம்மவர்களுக்கு மிகவும் பயன்படும்: வாக்குமூலத்தை நீங்கள் சொன்ன மொழியிலேயே உங்களுக்குப் படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள், அதில் அவமரியாதை எதுவும் இல்லை. புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துவதுதான் நமக்குள் அடிக்கடி நடக்கிறது.

அதிகாரியின் பெயரையும் ரிப்போர்ட் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டேஷ்கேம் பதிவைக் கொடுத்தால் நகலைக் கொடுங்கள், மூலம் உங்களிடம் இருக்கட்டும். யாராவது காசு கொடுத்து முடித்துவிடலாம் என்று காதில் ஓதினால் ஒதுங்கிவிடுங்கள். லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் கொடுக்க முன்வருவதும் 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்கீழ் குற்றம்தான்.

சம்மன் வரும் சூழல்கள்

சாதாரண விபத்துகளில் அதிகம் கேள்விப்படுவது 1959-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து விதிகளின் 10-ஆவது விதி. நோட்டீசில் எல்.என். 166/59 என்ற எண்ணோடு இருக்கும். வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளத் தவறியதற்கான சம்மன் இது. முன்னால் நின்ற காரைப் பின்னாலிருந்து இடிப்பது, மழையில் வழுக்கித் தடுப்புச் சுவரில் மோதுவது ஆகியவை இதில் வரும். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் தானாகவே போய்த் தடுப்பில் மோதியவருக்கும் இந்தச் சம்மன் வரலாம். பலர் ரிப்போர்ட் செய்யத் தயங்குவதற்குக் காரணமே இதுதான். வழக்கமாக 300 ரிங்கிட் கம்பவுண்டோடு, அதாவது நீதிமன்றம் போகாமல் கட்டும் தண்டத்தோடு, முடிகிற விஷயம். அதற்குப் பயந்து ரிப்போர்ட் செய்யாமல் இருந்தால் 52-ஆவது பிரிவின் குற்றமும் சேரும், சொந்தக் காப்புறுதியில் கேட்கும் வழியும் அடைபடும்.

சிவப்பு விளக்கில் போனது, சாலைக் குறியீட்டை மீறியது, அவசரத் தடத்தில் ஓட்டியது, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டியது போன்றவை விசாரணையில் தெரியவந்தால் அந்தந்தக் குற்றத்துக்கே சம்மன் எழுதலாம். விபத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆவணங்களும் அப்படித்தான். உரிமம் காலாவதி, ரோட் டெக்ஸ் முடிந்தது, காப்புறுதி இல்லை என்பதெல்லாம் தனித்தனிக் குற்றங்கள். தவறே செய்யாமல் இடிபட்டவர் உரிமத்தைப் புதுப்பிக்காததால் சம்மனோடு வீடு திரும்புவது உண்டு.

இரண்டு பேருக்கும் சம்மன் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஒருவர் சமிக்ஞை கொடுக்காமல் தடம் மாறினார், மற்றவர் அதிவேகமாக வந்தார் என்று தெரிந்தால் இருவர்மேலும் நடவடிக்கை வரலாம். ஒருவருக்குமே சம்மன் கொடுக்காமலும் முடியலாம். இரண்டு கதைகளும் நேரெதிராக இருந்து, சாட்சியும் இல்லை, சேதமும் தெளிவாக எதையும் காட்டவில்லை என்றால் மேல் நடவடிக்கை இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். அப்படி மூடினால் நீங்கள் தவறற்றவர் என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக ஆகாது.

காண்டோமினியத்தின் கார் நிறுத்தும் இடத்துக்குள் நடந்த மோதலைப் பற்றியும் கேட்பார்கள். தனியார் தம் செலவில் வைத்துப் பராமரிக்கும் தனிப் பாதைகளைச் சட்டத்தின் சாலை என்ற வரையறை விலக்குகிறது. அதனால் அங்கே சம்மன் வருமா என்பது இடத்தைப் பொறுத்தது. எப்படியிருந்தாலும் ரிப்போர்ட் செய்துவிடுங்கள், காப்புறுதிக்கு அது தேவைப்படும்.

உயிர்ச்சேதம் நடந்தால் எல்லாமே வேறு. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்கீழ் ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்ததாக விசாரணை தொடங்கும். அதற்குத் தண்டனை 5 முதல் 10 ஆண்டு சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதமும். மது அல்லது போதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் 44-ஆவது பிரிவின்கீழ் 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம். இவற்றுக்குக் கம்பவுண்ட் என்ற பேச்சே இல்லை, நேராக நீதிமன்றம்தான். ஓட்டுநர் கைதாகலாம், தடுப்புக் காவலில் வைக்கப்படலாம். இந்த நிலையில் இருப்பவர் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரோடு பேச வேண்டும். பணச் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடும் நேரமில்லை அது.

சம்மன் கையில் வந்த பிறகு

நோட்டீசில் என்ன விதி, எந்த இடம், எந்த நேரம், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், நீதிமன்றத் தேதி உண்டா என்று பாருங்கள். ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால் மைபாயார் பி.டி.ஆர்.எம். என்ற போலீசின் இணையத்தளத்திலோ நிலையத்தின் கவுண்டரிலோ கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி அறிவிப்பு வந்தால் எந்தக் குற்றங்களுக்கு அது பொருந்தாது என்ற பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள். ‘உங்களுக்குச் சம்மன் இருக்கிறது’ என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்புகளைத் திறக்காதீர்கள். தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள்.

ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கட்ட வேண்டியதில்லை. முதலில் விசாரணை அதிகாரியின் மேலதிகாரிக்கு, அதாவது அந்த மாவட்டப் போக்குவரத்துப் பிரிவின் தலைவருக்கு, ரிப்போர்ட் எண், படங்கள், காரணம் எல்லாம் வைத்து ஒரு கடிதம் கொடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் குறித்த நாளில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றத்தை மறுக்கலாம். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில்தான் இது நடக்கும். அதற்குப் பிறகு உங்கள் தவறை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கட்டவும் இல்லை, நீதிமன்றத்துக்கும் போகவில்லை என்பது மட்டும் கூடவே கூடாது. கைது ஆணை வரை அது போய்விடும்.

300 ரிங்கிட்தானே, தொல்லை விட்டது என்று செய்யாத தவறுக்குக் கட்டிவிடலாமா என்றால், என் கருத்து வேண்டாம் என்பதே. கம்பவுண்ட் கட்டுவது நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது, உண்மைதான். ஆனால் விசாரணையில் தவறு உங்கள்மேல் என்று பதிவாகியிருக்கும், எதிர்த்தரப்பின் காப்புறுதி அதை வைத்துத்தான் பேசும். நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டால் பின்னால் வரும் சிவில் வழக்கில் அதை உங்களுக்கு எதிராக ஆதாரமாகவும் காட்டலாம். அந்த 300 ரிங்கிட்டுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் பணம் இருக்கிறது.

காப்புறுதிக்கு என்ன வேண்டும்

போலீஸ் விசாரணையின் முடிவைச் சொல்லும் படிவத்தின் பெயர் பொல் 316. யார்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். எதிர்த்தரப்பின் காப்புறுதியில் நஷ்டஈடு கேட்க இதுதான் ஆணிவேர். இதோடு இரு தரப்பின் ரிப்போர்ட் நகல், வரைபடம், அதன் விளக்கக் குறிப்பு, படங்கள் ஆகியவற்றைக் கட்டணம் செலுத்தி நிலையத்தில் வாங்கலாம். காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பட்டறைக்குப் போனால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

முழுக் காப்புறுதி வைத்திருந்து, தவறு உங்களுடையதல்ல என்று விசாரணையில் தெரிந்தால், நாக்-ஃபார்-நாக் என்ற ஏற்பாட்டில் உங்கள் சொந்த நிறுவனத்திடமே பழுதுபார்க்கக் கேட்கலாம், கிளெய்ம் செய்யாதவருக்குக் கட்டணத்தில் கிடைக்கும் என்.சி.டி. கழிவு குறையாது. ஐந்தாண்டு விபத்தில்லாமல் ஓட்டி 55 விழுக்காட்டுக் கழிவுக்கு வந்தவருக்கு இது சிறிய விஷயமில்லை. காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். போலீஸ் முடிவு வரட்டும் என்று காத்திருந்து பாலிசியில் சொன்ன கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

காயம்பட்டிருந்தால் மருத்துவமனை அறிக்கை, ரசீது, சம்பளம் இழந்த விவரம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். எதிர்த்தரப்புமேல் சிவில் வழக்குத் தொடுக்க தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. எதிர்த்தரப்பு அரசாங்க வண்டியாக இருந்தால் அவ்வளவு காலம் கிடையாது, சீக்கிரமே வழக்கறிஞரைப் பாருங்கள். வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நடந்த விபத்தென்றால் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிலும் கேட்கலாம். 2019 ஜனவரி முதல் சட்டபூர்வ வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதன் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள். மோட்டாரில் உணவு கொண்டு செல்பவர்களுக்குச் சுயதொழில் செய்வோருக்கான தனித் திட்டம் இருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட்டின் நகலை அங்கேயும் கேட்பார்கள். அதனால் நிலையத்தில் வாங்கும்போதே கூடுதலாக இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.